கோபுரத்தை அளந்த ஞாயிற்றுக்கிழமை

பதினெட்டு வருஷமாக என் புருஷனைத் திட்டுகிற ஒரு மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாங்கித் தருகிற வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருக்கிறேன். இதைச் சொன்னால் என் தங்கை தலையில் அடித்துக்கொள்வாள். கடலையில் உப்பு பதமாக இருக்கும், சூடாக இருக்கும், நான் என்ன செய்ய?

எங்கள் ஊரான போகா மான்சாவின் பேஸ்பால் மைதானத்தில் ஏழாவது வரிசை, பன்னிரண்டாம் இருக்கை என்னுடையது. பதின்மூன்றாம் இருக்கை எவாரிஸ்தோவுடையது. சந்தைத் தெருவில் ஆணி, குழாய், பெயின்ட் விற்கும் கடைக்காரர். எங்கள் ஊர் அணியான நண்டுகளுக்காக உயிரை விடுவார். அம்பயர்களின் உயிரை எடுப்பார்.

"டேய் குருடா! கடைக்கு வாடா, ரெண்டு பல்பு ஓசியில தரேன், கண்ணுக்குள்ள மாட்டிக்கோ!"

அந்தக் குருடன் என் புருஷன் எலிகியோ. இந்த மைதானத்தில் நடக்கிற ஆட்டங்களுக்கெல்லாம் அவர்தான் தலைமை அம்பயர். மட்டைக்காரனுக்கும், பந்தைப் பிடிக்கிற கேட்சருக்கும் பின்னால் குனிந்து நின்று ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்புச் சொல்கிறவர். பந்து, தரையில் பதித்த பிளேட் என்ற வெள்ளைப் பலகைக்கு மேலாக, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே வந்தால் ஸ்ட்ரைக். அதைத் தாண்டி எங்கே போனாலும் போலா. மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் மட்டைக்காரன் நடையைக் கட்ட வேண்டும். நான்கு போலா கிடைத்தால் அடிக்காமலே முதல் தளத்துக்குப் போய் நிற்கலாம். இவ்வளவுதான் சங்கதி. இந்த இவ்வளவுக்காக எங்கள் நாட்டில் அண்ணன் தம்பிகள் பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள்.

எவாரிஸ்தோவிடம் ஆட்டத்துக்கு ஒரு முறையாவது வருகிற திட்டு ஒன்று உண்டு. எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்துவார்.

"வீட்ல பொண்டாட்டி மூஞ்சியாவது தெரியுதாடா உனக்கு?"

சுற்றி இருபது வரிசை சிரிக்கும். பிறகு உட்கார்ந்து, என் பக்கம் பொட்டலத்தை நீட்டுவார். "எடுத்துக்கங்க அக்கா, ஆறிடப் போவுது." நானும் எடுத்துக்கொள்வேன்.

கல்யாணமான முதல் மாதமே எலிகியோ எனக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "மைதானத்துக்கு வா, வேணாம்னு சொல்லல. ஆனா கை தட்டக் கூடாது, கத்தக் கூடாது, யாரு பொண்டாட்டின்னு யார்கிட்டயும் சொல்லவும் கூடாது. நீ ஒரு பக்கம் பாத்துச் சிரிச்சா, நான் அந்தப் பக்கம் சாஞ்சுட்டேன்னு சொல்லுவானுங்க." இருபத்தெட்டு வருஷமாக அதைக் காப்பாற்றி வந்தேன். நண்டுகள் ஜெயித்தாலும் கல்லு மாதிரி இருப்பேன், தோற்றாலும் கல்லு மாதிரி இருப்பேன். அக்காவுக்குச் சுரணையே கிடையாது என்று எவாரிஸ்தோ முன் வரிசைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

இந்த வருஷம் போட்டியை நடத்துகிற லீக் நிர்வாகத்தார் கேமரா வைத்தார்கள். மைதானத்தைச் சுற்றிப் பன்னிரண்டு. அம்பயர் சொன்னது தப்பு என்று மட்டைக்காரனுக்கோ, பந்து வீசுகிற பிட்சருக்கோ, கேட்சருக்கோ தோன்றினால் உடனே தன் தலையைத் தட்ட வேண்டும். பெரிய திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் வரும், பந்து வரும், கட்டத்தைத் தொட்டதா இல்லையா என்று எட்டாயிரம் பேரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். தட்டியவன் நினைத்தது தப்பானால், அவன் அணிக்கு இருக்கிற இரண்டு வாய்ப்பில் ஒன்று போகும். அம்பயர் சொன்னது தப்பானால் அம்பயரின் மானம் போகும். அதற்கு எத்தனை வாய்ப்பு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

முதல் இரண்டு மாதம் எலிகியோவுக்கு இந்த மெஷினால் ஒரு கஷ்டமும் இல்லை. தட்டுவார்கள், திரையில் வரும், அவர் சொன்னதே சரியாக இருக்கும். எவாரிஸ்தோ திரையைத் திட்டுவார். டிசம்பர் நடுவில்தான் சனி பிடித்தது. ஒரு ஆட்டத்தில் இரண்டு தீர்ப்பு மாறியது. அடுத்ததில் மூன்று. ஜனவரிக்குள் பதினான்கு. லீக்கின் மற்ற அம்பயர்களில் மோசமானவருக்கே எட்டுதான். தலைநகர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அரையிறுதியின் கடைசி ஆட்டம் வருகிற ஞாயிறு எங்கள் ஊரில். அது முடிந்ததும், மாற்றப்பட்ட தீர்ப்புகளில் முதல் இடத்தில் இருப்பவர் இனி பிளேட்டுக்குப் பின்னால் நிற்க மாட்டார், இறுதித் தொடரிலும் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை.

எலிகியோ அந்தக் கடிதத்தை மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தார். அந்த வாரம் அவர் கால்சட்டையை இஸ்திரி போடும்போது பையில் ஒரு சீட்டு இருந்தது. கண் டாக்டர் சீட்டு. எனக்குத் தெரியாமல் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய்க் காட்டிவிட்டு வந்திருக்கிறார். இரண்டு கண்ணும் குறையில்லை என்று எழுதியிருந்தது.

"ஏங்க, கண்ணு நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?"

"அதான் பயமா இருக்கு நெரே," என்றார் என் பெயரைச் சொல்லி. "கண்ணு கெட்டிருந்தா கண்ணாடி போட்டுக்கலாம். கண்ணு நல்லாயிருந்தும் தப்பாத் தெரியுதுன்னா, கெட்டது மண்டை. அதுக்கு எங்க கண்ணாடி வாங்குறது?"

ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதன் தன் மண்டையைச் சந்தேகப்படுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வாழைக்காய் மசியலைத் தட்டில் வைத்தால், இது நேற்றைய சுவைதானா என்று யோசித்து யோசித்துத் தின்பார். தெரு முனையில் வருகிற மோட்டார் சைக்கிள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று என்னிடம் கேட்பார். எனக்குப் பொறுக்கவில்லை. மெஷின் மேல் ஆத்திரம், லீக் மேல் ஆத்திரம், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிற இவர் மேலும் ஆத்திரம்.

வியாழக்கிழமை அவர் எரிவாயு உருளை வாங்கப் போன நேரம், கடிதத்தோடு அலுவலகம் அனுப்பிய காகிதங்களையெல்லாம் இஸ்திரி மேஜையில் பரப்பினேன். மாறிய தீர்ப்புகளின் பட்டியல் ஒன்று. மெஷினுக்கான விதிப் புத்தகம் ஒன்று. விதிப் புத்தகத்தை எலிகியோ திறக்கவே இல்லை. நாலு பக்கமும் ஒட்டியபடியே இருந்தன. "மெஷின் எழுதினதை மெஷினே படிச்சுக்கட்டும்" என்பது அவர் வீராப்பு. எனக்கு அந்த வீராப்பு கிடையாது.

பட்டியலில் பதினான்கு வரி. ஒன்பது வரியில் ஒரே மட்டைக்காரன் பெயர்: வான்டெல். அந்த ஒன்பதில் ஏழு முழங்கால் பக்கம் வந்த பந்து. எலிகியோ ஸ்ட்ரைக் என்றிருக்கிறார், மெஷின் போலா என்று மாற்றியிருக்கிறது. மீதி இரண்டு நெஞ்சுப் பக்கம். எலிகியோ போலா என்றிருக்கிறார், மெஷின் ஸ்ட்ரைக் என்றிருக்கிறது. மண்டை கெட்ட மனிதருக்கு ஒரே ஒரு ஆள் வந்து நிற்கும்போது மட்டும் எப்படிக் கெடும்?

விதிப் புத்தகத்தைப் பிரித்தேன். கட்டத்தை எப்படிப் போடுகிறார்கள் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. மட்டைக்காரனின் உயரத்தை நூறு பங்காக்கி, இருபத்தேழாவது பங்கில் கீழ்க்கோடு, ஐம்பத்து மூன்றரையில் மேல்கோடு. மெஷினுக்கு முழங்காலும் தெரியாது, நெஞ்சும் தெரியாது. உயரம் மட்டும்தான் தெரியும். கடைசிப் பக்கத்தில் எல்லா வீரர்களின் உயரமும் இருந்தது. விரலை வைத்துக்கொண்டே வந்தேன். வான்டெல், ஆறடி இரண்டு அங்குலம்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

நான் தையல்காரி. நண்டுகள் அணிக்கு வெளிநாட்டிலிருந்து தைத்து வருகிற சீருடைகளை ஆளுக்கு ஏற்றபடி பிரித்துத் தைப்பது என் வேலை. வான்டெலின் கால்சட்டையை நான்கு அங்குலம் வெட்டி மடித்தது இந்தக் கைதான். எங்கள் ஊரில் அவன் பெயர் கோபுரம். பதினான்கு வயதில் அவன் வகுப்பிலேயே அவன்தான் உயரம்; அப்போது வைத்த பெயர். அதற்குப் பிறகு அவன் வளரவில்லை, பெயர் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. தலையில் கொண்டை, ஷூவுக்குள் தடித்த அட்டை, நடக்கும்போது நெஞ்சு முன்னால். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குக் கோபுரம்தான்.

எங்கள் பையன்கள் வெளிநாட்டு ஏஜென்டுகள் முன்னால் நிற்கும்போது வயதைக் குறைப்பார்கள், உயரத்தைக் கூட்டுவார்கள். அது இங்கே பொய்யிலேயே சேர்த்தி இல்லை, பவுடர் பூசுகிற மாதிரி. மற்ற வீரர்களையெல்லாம் அக்டோபரில் சுவரோடு நிற்கவைத்து அளந்தார்கள். வான்டெல் வடக்கே வெளிநாட்டு அணியில் ஆடிவிட்டு டிசம்பரில்தான் வந்து சேர்ந்தான். அவனை யார் அளந்தார்கள்?

மறுநாள் வெள்ளிக்கிழமை அவனே என் தையல் கடைக்கு வந்தான், முட்டியில் கிழிந்து தைக்கக் கொடுத்திருந்த கால்சட்டையை வாங்கிக்கொள்ள.

"தம்பி, ஆபீஸ்ல உன் உயரத்த என்னான்னு குடுத்த?" என்று கேட்டேன்.

"அந்த இஞ்ஜினியர் போன் பண்ணிக் கேட்டாருக்கா. ஆறடி ரெண்டுன்னேன். எப்பவும் சொல்றதுதானே?"

போனில் கேட்டிருக்கிறார்! எங்கள் ஊர் பேஸ்பால்காரனிடம், போனில், உன் உயரம் என்ன என்று! தலைநகரில் படித்த பிள்ளைகளுக்கு இது கூடவா தெரியாது?

"போயி சரி பண்ணிக்கோப்பா. உன்னால ஒரு மனுஷன் சோறு தண்ணி எறங்காம உக்காந்திருக்காரு."

அவன் முகத்தில் ஒரு நொடி ஏதோ ஓடியது. பிறகு சிரித்தான். "நான் யாரையும் ஏமாத்தலக்கா. தலையத் தட்டுறேன், மெஷின் போலாங்குது. மெஷின் குடுக்கறத வேணாம்னு சொல்ல நான் என்ன சாமியாரா?" வாசலில் நின்று திரும்பினான். "அதுவுமில்லாம, கோபுரத்த எவனாவது அளப்பானா?"

அதுவரை எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு வந்தது.

சனிக்கிழமை காலை காபியோடு விதிப் புத்தகத்தையும் எலிகியோ முன்னால் வைத்தேன். பதினோராம் விதியை நானே படித்துக் காட்டினேன். ஒரு வீரரின் உயரத்தில் ஐயம் இருந்தால், ஆட்டம் தொடங்கும் முன் பிளேட் அம்பயர் அவரை அளக்கும்படி கேட்கலாம்.

"வான்டெல அளக்கச் சொல்லுங்க."

"ஏன், அவன் எவ்வளவு?"

"அத நான் சொல்ல மாட்டேன். தையல்காரி வாயிலேருந்து அளவு வெளிய வரக் கூடாது. அளக்கச் சொல்லுங்க, அவ்வளவுதான்."

அவர் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டாயிரம் பேரு முன்னாடி ஒருத்தனை நிக்க வெச்சு அளக்கிறதா? அசிங்கமா இல்ல?"

"ஒரு மாசமா உங்கள எட்டாயிரம் பேரு முன்னாடி நிக்க வெச்சு அளந்துகிட்டுத்தானே இருக்காங்க. அப்ப யாருக்கு அசிங்கமா இருந்துச்சு?"

அவர் காபியைக் குடித்து முடித்தார். இரண்டாவது கோப்பை கேட்டார். ஒரு மாதத்தில் முதல் முறையாகக் கேட்டார்.

ஞாயிறு மாலை நான்கு மணி ஆட்டம். சேவல்கள் அணியோடு. ஜெயிக்கிறவர்கள் இறுதித் தொடருக்கு, தோற்கிறவர்கள் வீட்டுக்கு. இரண்டு மணிக்கே தம்போரா மேளக்காரர்கள் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எவாரிஸ்தோ கடையைச் சாத்திவிட்டு அப்படியே வந்திருந்தார், இடுப்பில் இரும்பு அளவு டேப் தொங்கியது.

"அக்கா, இன்னைக்குக் குருடனோட கடைசி ஆட்டம். திரும்ப வர மாட்டான். எனக்கே கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு, இத்தன வருஷம் திட்டிப் பழகிட்டேன் பாருங்க."

நான் கடலையை எடுத்துக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு முன் இரு அணிப் பயிற்சியாளர்களும் பிளேட்டருகே வந்து அம்பயரிடம் பெயர்ப் பட்டியல் கொடுப்பது வழக்கம். வழக்கமாக அது அரை நிமிஷ வேலை. அன்று மூன்று நிமிஷமாகியும் முடியவில்லை. எலிகியோ பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். எங்கள் பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். மெஷினைப் பார்த்துக்கொள்கிற இஞ்ஜினியர் பெர்சியோ, நல்ல பிள்ளை, கழுத்தில் அட்டை தொங்க ஓடி வந்தான். என்ன நடக்கிறது என்று கூட்டம் எழுந்து நின்றது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: பதினோராம் விதிப்படி, வான்டெலின் உயரம் இப்போது அளக்கப்படும்.

ஊளை கிளம்பியது பாருங்கள். காது அடைத்துவிட்டது.

"டேய் குருடா! பந்துதான் தெரியலன்னு பாத்தா, இப்ப ஆளும் தெரியலையாடா?" என்றார் எவாரிஸ்தோ. முன் வரிசைகளில் ஒரே சிரிப்பு.

பெர்சியோ கையை விரித்துக்கொண்டு நின்றான். அளக்கிற கருவி தலைநகரில் இருக்கிறது. மைதானத்தில் ஒரு டேப் கூட இல்லை. பன்னிரண்டு கேமரா வைத்தவர்களிடம் ஒரு டேப் இல்லை! என் கைப்பையில் என் மஞ்சள் டேப் இருந்தது. கை அதைத் தொட்டுவிட்டது. எடுக்கப் போனேன், எவாரிஸ்தோ முந்திக்கொண்டார்.

"இந்தா இருக்குடா! என் டேப்பு! பொய் சொல்லாத டேப்பு! இதுல அளந்து அந்தக் குருடன் மூக்க அறுங்கடா!" ஏழு வரிசையும் தாண்டி இறங்கி, கம்பி வேலிக்கு மேலாகப் பெர்சியோவிடம் கொடுத்தார். அதோடு நிற்காமல், தானே வந்து பிடிப்பேன் என்று அடம்பிடித்து, வேலிக் கதவு வழியாக உள்ளேயும் போய்விட்டார். கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது.

வான்டெல் வந்து நின்றான், சிரித்துக்கொண்டே, கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டே.

"ஷூ," என்றார் எலிகியோ.

கழற்றினான். உள்ளேயிருந்து ஒரு தடித்த அட்டை விழுந்தது. அதற்குக் கீழிருந்து இன்னொன்று. முன் வரிசையில் யாரோ "ஓஹோ" என்றார்கள். பெர்சியோ பட்டியல் அட்டையைத் தலைமேல் வைத்தான், கொண்டை தடுத்தது, அழுத்தினான். எவாரிஸ்தோ குனிந்து டேப்பின் நுனியைக் குதிகாலருகே பிடித்து, மேலே இழுத்து, எண்ணைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மூன்றாம் முறையும் இழுத்துப் பார்த்தார். டேப் அதே எண்ணைத்தான் காட்டியது.

திரையில் எழுத்து வந்தது. ஐந்தடி ஒன்பதே முக்கால் அங்குலம்.

மேலே மலிவு வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஐயோ, கோபுரம் இடிஞ்சு போச்சுடோய்!"

அவ்வளவுதான். தம்போரா பிய்த்துக்கொண்டது. எட்டாயிரம் பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அணியை விட்டாலும் விடுவார்கள், புதுக் கேலி ஒன்று கிடைத்தால் விடமாட்டார்கள். வான்டெல் ஷூவை மாட்டிக்கொண்டு ஏழாவது வரிசையைப் பார்த்தான், என்னைத்தான். நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பெர்சியோ எலிகியோவிடம் என்ன சொன்னான் என்று பிறகுதான் தெரிந்தது. "நான்தான் சார் தப்பு பண்ணேன். ஆனா பழைய ஒன்பதையும் உங்க கணக்குலேருந்து அடிக்கிறதுக்கு ஆபீஸ் ஒத்துக்கணும். இன்னைக்குச் சரியான உயரத்த வெச்சும் வான்டெலுக்கு நீங்க சொல்றது மாறுச்சுன்னா, உயரத்து மேல பழி போட்டுட்டாருன்னுதான் சொல்லுவாங்க." எலிகியோ தலையாட்டிவிட்டு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாராம்.

முதல் இன்னிங்ஸிலேயே சோதனை வந்தது. வான்டெல் மட்டையோடு நின்றான், பந்து முழங்கால் பக்கம் தாழ்ந்து வந்தது, எலிகியோ வலது முஷ்டியை உயர்த்தினார். ஸ்ட்ரைக். வான்டெல் பழக்க தோஷத்தில் தலையைத் தட்டினான். திரையில் கட்டம் வந்தது. கீழ்க்கோடு ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் இறங்கியிருந்தது. பந்து உள்ளே. ஸ்ட்ரைக்.

எவாரிஸ்தோ தன் இருக்கைக்கு வந்து சேர்ந்திருந்தார். கடலையை உரித்து, தோலைத் தின்று, பருப்பைக் கீழே போட்டார்.

அதற்குப் பிறகு எலிகியோவைப் பார்க்க வேண்டுமே! இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி அவரைப் பார்த்ததில்லை. ஒரு மாதமாக அரை நொடி தயங்கித் தயங்கி உயர்ந்த கை அன்று பந்து கையுறையில் விழுந்த சத்தத்தோடு சேர்ந்து உயர்ந்தது. குரல் கடைசி வரிசை வரை போனது. சேவல்கள் மூன்று முறை தட்டினார்கள். ஒன்றில் அவர் தோற்றார், ஓரத்தில் உரசிய பந்து ஒன்று. திரையைப் பார்த்தார், தலையாட்டினார், கைக்குள் இருந்த எண்ணிக்கைக் கருவியில் எண்ணை மாற்றினார், அடுத்த பந்துக்குக் குனிந்தார். தோற்றுவிட்டு அவ்வளவு நிம்மதியாக ஒரு மனிதர் குனிந்ததை நான் பார்த்ததே இல்லை. தன் மண்டை நன்றாக இருக்கிறது என்று தெரிந்தவருக்கு ஒரு பந்து தப்பானால் என்ன?

ஒன்பதாம் இன்னிங்ஸ், அதுதான் கடைசி. சேவல்கள் நான்கு, நாங்கள் மூன்று. இரண்டு பேர் அவுட், மூன்றாமவன் அவுட்டானால் எங்கள் முறை முடிந்தது. இரண்டாம் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் எங்கள் ஆட்கள். ஓர் அடி விழுந்தால் இறுதித் தொடர். மட்டையோடு வந்தவன் வான்டெல். கேலி செய்த அதே கூட்டம் எழுந்து நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. ஒரு போலா, ஒரு ஸ்ட்ரைக், இன்னொரு போலா, ஓர் அடி கோட்டுக்கு வெளியே போனது, அதுவும் ஸ்ட்ரைக் கணக்கு, பிறகு மூன்றாவது போலா. இனி ஒரே பந்து. ஸ்ட்ரைக் என்றால் ஆட்டம் முடிந்தது. போலா என்றால் தளங்கள் நிறையும், ஆட்டம் உயிரோடு இருக்கும்.

எலிகியோ, கண்ணு, பார்த்துச் சொல்லு என்று மனசுக்குள் முனகினேன்.

பிட்சர் வீசினான். பந்து நேராக வந்தது, கடைசி ஒரு முழத்தில் இறங்கியது, முழங்காலுக்குக் கீழே போய்விடும் போல இறங்கியது. வான்டெல் மட்டையை அசைக்கவில்லை. ஒரு மாதமாக அவனுக்குப் போலாவாக இருந்த பந்து அது.

எலிகியோவின் முஷ்டி மேலே போனது. "ஸ்ட்ரைக்!"

வான்டெல் தலையைத் தட்டினான், எங்கள் கடைசி வாய்ப்பு. எட்டாயிரம் தலையும் திரைப் பக்கம் திரும்பியது. எலிகியோ மட்டும் திரும்பவில்லை. முகக்கவசத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்து சின்னத் துடைப்பத்தை எடுத்து, திரைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஆட்டம் முடிந்துபோன பிளேட்டை நிதானமாகத் துடைத்தார்.

கட்டம் வந்தது. பந்து வந்தது. கீழ்க்கோட்டில் ஒரு நூலளவு உட்கார்ந்தது. ஸ்ட்ரைக்.

மைதானம் செத்த வீடாகிவிட்டது. சேவல்கள் நடுவில் கட்டிப்பிடித்துக் குதித்த சத்தம் மட்டும் கேட்டது. வான்டெல் திரையையே பார்த்து நின்றான். பிறகு எலிகியோவின் தோளை மட்டையால் லேசாகத் தொட்டுவிட்டுப் போனான். பெர்சியோ தன் மெஷின் அறை ஜன்னலிலிருந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக் காட்டினான்.

எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றினார். "பாவி, சரியாத்தான் சொல்லியிருக்கான்," என்று தனக்குத்தானே சொன்னார். கண்ணில் தண்ணீர். தோற்ற துக்கம், பதினெட்டு வருஷப் பழக்கம், எல்லாம் சேர்ந்து அவரை எழுப்பி நிற்க வைத்தது. கையை வாயருகே குவித்து, உடைந்த குரலில் அந்த அமைதிக்குள் கத்தினார்.

"டேய்! நூலளவு பந்து தெரியுது! வீட்ல பொண்டாட்டி மூஞ்சி தெரியுதாடா உனக்கு?"

நான் இருக்கை மேல் ஏறி நின்றேன். எப்படி ஏறினேன் என்று இப்போதும் தெரியாது, முட்டி வலிக்காரி நான்.

"தெரியும்! இருபத்தெட்டு வருஷமா தினம் பாக்குறாரு! இந்தா, இந்த மூஞ்சிதான்!"

எட்டாயிரம் பேரும் ஊமையாக இருந்த நேரத்தில் என் குரல் எங்கெல்லாம் போயிற்றோ. எலிகியோ துடைப்பத்தோடு நிமிர்ந்தார். ஏழாவது வரிசையைப் பார்த்தார். அவர் போட்ட நிபந்தனை அவருக்கே மறந்துபோய்விட்டது போல, பல் தெரியச் சிரித்தார்.

எவாரிஸ்தோ என்னைப் பார்த்தார், கீழே எலிகியோவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை அப்படியே முழுசாக என் இருக்கையில், என் காலருகே வைத்தார்.

நான் கை தட்டினேன். தோற்றுப்போன ஊருக்கு நடுவில், நான் ஒருத்தி மட்டும், உள்ளங்கை எரிய எரியத் தட்டினேன்.